கண்ணாடிப் பேழையும் காலடிப் பெட்டியும்

இவ்வாரம் உங்களைச் சற்றுத் தொலைவான ஓர் இடத்திற்கு அழைத்துச் செல்கிறேன். அமெரிக்காவில் ஒரு சிறு நகரம், சனிக்கிழமைக் காலை. ஒரு விடுதியின் மண்டபத்தில் நீண்ட மேசைகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றன. பழைய பேஸ்பால் அட்டைகளை வாங்கவும் விற்கவும் மாற்றிக்கொள்ளவும் மக்கள் கூடியிருக்கிறார்கள். மேசைகளின்மேல் பூட்டிய கண்ணாடிப் பேழைகள். புகழ்பெற்ற வீரர்களின் அட்டைகள் அவற்றினுள் விளக்கொளியில் மின்னுகின்றன. கூட்டம் அங்கேதான் மொய்க்கிறது. மேசையின் ஓரத்திலோ அதன் காலடியிலோ நீளமான காகிதப் பெட்டி ஒன்று திறந்து கிடக்கிறது. அதில் நூற்றுக்கணக்கான அட்டைகள் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை எடுத்துப் பார்க்க யாரும் பூட்டைத் திறந்துவிட வேண்டியதில்லை. ஒரு முதியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். அவருக்கு அவசரம் எதுவும் இல்லை.

நீங்கள் அந்த மண்டபத்திற்குள் நுழைந்தால் எங்கே போய் நிற்பீர்கள்? பேழையின் முன்பா, பெட்டியின் அருகிலா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் அருகில் அமர்ந்திருக்கும் அந்த முதியவரே அன்று அதிக மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறவர். உலகம் உயர்த்திச் சொல்லாத ஒன்றின் மதிப்பைத் தாமே கண்டுணரும் பழக்கத்தை அவர் தம் கண்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

இந்த அட்டைகள் எப்படி வந்தன?

நம்மில் பலருக்குக் கிரிக்கெட் தெரிந்த அளவுக்குப் பேஸ்பால் தெரியாது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெல்லிய காகித உறைக்குள் இருக்கும் சிகரெட்டுகள் நசுங்காமலிருக்க அமெரிக்க நிறுவனங்கள் உள்ளே ஒரு கெட்டி அட்டையை வைத்தன. அதை வெறுமையாக விடுவானேன் என்று எண்ணி, அதில் படங்களை அச்சிட்டன. 1886ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள் நியூயார்க்கின் குட்வின் நிறுவனம் தன் 'ஓல்ட் ஜட்ஜ்' சிகரெட்டுடன் பேஸ்பால் வீரர்களின் நிழற்படங்களை வழங்கியது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் 500க்கும் மேற்பட்ட வண்ண அட்டைகளை வெளியிட்டது. 1933இல் பாஸ்டனின் கௌடி நிறுவனம் பபிள்கம்முடன் அட்டைகளை விற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் போமன் நிறுவனமும், 1952இல் 407 அட்டைகள் கொண்ட பெரிய வரிசையோடு டாப்ஸ் நிறுவனமும் பிள்ளைகளின் சில்லறைக் காசுக்காகப் போட்டியிட்டன. 1956இல் டாப்ஸ், போமனையே விலைக்கு வாங்கிவிட்டது.

இவற்றின் நோக்கம் வியாபாரம் மட்டுமே. இவை ஒரு நாள் அருங்காட்சியகத்தில் இடம்பெறும் என்று யாரும் எண்ணவில்லை. பிள்ளைகள் இவற்றைச் சுவரை நோக்கிச் சுண்டி விளையாடினார்கள். சைக்கிள் சக்கரக் கம்பிகளில் செருகிப் படபடவென்று ஒலிக்க வைத்தார்கள். ரப்பர் பட்டையால் கட்டிக் கால்சட்டைப் பையில் திணித்தார்கள். அவர்கள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போனபின், தாய்மார்கள் அறையைச் சுத்தம் செய்து பெட்டியோடு குப்பையில் எறிந்தார்கள். எறியப்படாமல் மிஞ்சியவையே இன்று 'பழைய அட்டைகள்' என்று தேடப்படுகின்றன.

விலை எதை அளக்கிறது?

கண்ணாடிப் பேழையில் இருப்பவற்றின் கதை உங்களுக்குச் செய்தியாக எட்டியிருக்கலாம். ஹானஸ் வாக்னர் என்னும் வீரரின் 1909ஆம் ஆண்டு வரிசை அட்டை, ஆகஸ்ட் 2022இல் 72.5 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. புகையிலை வாங்கினால்தான் தம் படம் கிடைக்கும் என்பதை அவர் விரும்பாததால் அச்சு நிறுத்தப்பட்டது என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. தமக்குரிய பணத்தைக் கேட்டதால்தான் என்போரும் உண்டு. எப்படியாயினும் எஞ்சியவை ஐம்பது அறுபது அட்டைகளே. அரிது, ஆகவே விலை அதிகம் என்று நாம் எளிதாகப் புரிந்துகொள்கிறோம்.

அதே மாதத்தில் அதைவிட அதிக விலைக்கு வேறோர் அட்டை விற்றது. மிக்கி மேண்டில் என்னும் வீரரின் 1952 டாப்ஸ் அட்டை. ஏலத்தில் 1 கோடியே 26 இலட்சம் டாலர். இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். அந்த அட்டை அவருடைய முதல் அட்டை அன்று. முதல் அட்டை அதற்கு முந்தின ஆண்டே போமன் வரிசையில் வந்துவிட்டது. அந்தக் கடைசித் தொகுதியில் அது மிகவும் அரியதும் அன்று. அச்சுத் தாளில் மேண்டிலின் படம் இருமுறை இடம்பெற்றதால், தொகுதியின் பெரும்பாலான அட்டைகளைவிட இரு மடங்கு அச்சானது. தொகுதி முழுவதுமே பின்னாளில் அரிதாயிற்று என்பது உண்மைதான். விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றிச் சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்த வரிசையை உருவாக்கிய சை பெர்கர் தாமே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் மேண்டிலுக்கு அடுத்தடுத்த எண்களில் அச்சான எத்தனையோ வீரர்கள் அதே கடலுக்குத் தப்பியவர்கள். எண்ணிக்கையில் அவரைவிடக் குறைவானவர்கள். அவர்களுடைய விலையோ அவருடையதன் அருகில்கூட வருவதில்லை.

அப்படியானால் விலை எதை அளக்கிறது? எத்தனை பேர், எவ்வளவு தீவிரமாக, ஒரே பொருளின்மேல் ஆசை வைத்தார்கள் என்பதை அளக்கிறது. மேண்டில் நியூயார்க்கில் ஆடினார். தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்த காலத்தில் பெரும்பாலான ஆண்டுகளில் இறுதிப் போட்டிகளில் தோன்றினார். ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அவரைப் போலாக விரும்பினார்கள். அவர் பெரிய வீரர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த ஒரு கோடி டாலரில் பெரும்பகுதி அவருடைய ஆட்டத்துக்குரியதன்று. திரண்ட கூட்டத்தின் ஏக்கத்துக்குரியது. விலையைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. விலைச்சீட்டைப் பார்த்து ஒன்றின் தகுதியை முடிவு செய்யும்போது, பிறர் கண்களைக் கடன் வாங்கிப் பார்க்கிறோம் என்பதை நினைவூட்டவே சொல்கிறேன்.

இரண்டாவதாக வந்தவர்

இப்பொழுது காலடிப் பெட்டிக்கு வாருங்கள். எல்லாரும் அறிந்த ஒரு பெயரின் நிழலில் மறைந்துபோன ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கி, அந்த நூற்றாண்டில் பெரிய லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரரானார். உலகம் அவரை அறியும்; அறிய வேண்டியதும் நியாயமே. அதே ஆண்டு ஜூலை 5 அன்று, லாரி டோபி என்னும் 23 வயது இளைஞர் கிளீவ்லாந்து அணிக்காக இறங்கினார். அமெரிக்கன் லீக்கில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர். ராபின்சனுக்கு முந்தின ஆண்டு முழுவதும் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்துக் கீழ்நிலை அணியில் ஆடிப் பழகும் வாய்ப்பு கிடைத்திருந்தது. டோபிக்கு அந்த அவகாசமும் இல்லை. முந்தின நாள்வரை நியூவர்க்கில் கறுப்பினத்தவர் லீக்கில் ஆடியவர், மறுநாள் சிகாகோவில் ஒரு புதிய உலகத்தின் வாசலில் நின்றார். அணியினருக்கு அவர் அறிமுகப்படுத்தப்பட்டபோது சிலர் கைகுலுக்க மறுத்தார்கள். ராபின்சன் தாங்கிய வசைகளை, தனியே தங்க நேர்ந்த விடுதிகளை, மறுக்கப்பட்ட உணவு மேசைகளை டோபியும் தாங்கினார். அவருக்காகச் செய்தியாளர் கூட்டம் ஒன்று திரண்டு நிற்கவில்லை. முதலாமவரைப் பற்றி எழுதி முடித்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டு கிளீவ்லாந்து இறுதிப் போட்டித் தொடரை வென்றது. நான்காம் ஆட்டத்தில் டோபியின் ஹோம் ரன்னும் ஸ்டீவ் குரோமெக் என்னும் வெள்ளையின வீரரின் பந்துவீச்சும் சேர்ந்து 2–1 என்ற வெற்றியைத் தந்தன. ஆட்டம் முடிந்தபின் இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்தபடி அணைத்துக்கொண்ட படம் நாடெங்கும் செய்தித்தாள்களில் வந்தது. இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த நாட்டில் அந்த ஒரு படம் எத்தனை பேரைத் திகைக்கச் செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். டோபி 1952, 1954 ஆகிய ஆண்டுகளில் தலா 32 ஹோம் ரன்கள் அடித்துத் தம் லீக்கில் முதலிடம் பெற்றார். 1978இல் பெரிய லீக்கின் இரண்டாவது கறுப்பின மேலாளரானார், மீண்டும் இரண்டாமவர். கூப்பர்ஸ்டவுனில் உள்ள ஹால் ஆஃப் ஃபேம் என்னும் புகழ்மாடம் ராபின்சனை 1962இல் ஏற்றுக்கொண்டது, டோபியை 1998இல். இடையே 36 ஆண்டுகள்.

இருவருடைய அட்டைகளும் 1949ஆம் ஆண்டின் ஒரே போமன் வரிசையில் இருக்கின்றன. ஒரே நிறுவனம், ஒரே அளவு, ஒரே விதமான வண்ணம். ராபின்சனின் எண் 50. டோபியின் எண் 233. அந்த வரிசையில் பின்எண் அட்டைகள் குறைவாகவே புழங்கின. ஆகவே டோபியின் அட்டை ராபின்சனுடையதைவிடக் கிடைப்பதற்கு அரிது. இருந்தும் அதன் விலை ராபின்சனுடையதில் ஒரு சிறு பங்கே.

பழைய அட்டை சேகரிப்பவர்கள் 'குறைத்து மதிப்பிடப்பட்டது' என்று சொல்லும்போது குறிப்பிடுவது இதையே. குறை அட்டையில் இல்லை, வீரரிடத்திலும் இல்லை. முதலாமவரைக் கொண்டாடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்ட கூட்டத்தின் நினைவாற்றலில்தான் குறை இருக்கிறது. அந்தச் சிறு அட்டையைக் கையில் எடுக்கும் ஒருவர், கூட்டம் போனபின்னும் அரங்கில் அமர்ந்து இரண்டாமவருக்காகக் கைதட்டுகிறார். அந்தக் கைதட்டலில்தான் இந்தச் சேகரிப்பின் இனிமை இருக்கிறது.

பெட்டிக்குள் இருக்கும் மற்றவர்கள்

டோபி ஒருவர் மட்டுமல்லர். செயின்ட் லூயிஸ் அணிக்காக 22 பருவங்கள் ஆடிய ஸ்டான் மியூசியலை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அடித்த வெற்றி அடிகள் 3,630. சொந்த மைதானத்தில் 1,815, வெளியூர்களில் 1,815. வீட்டிலும் வெளியிலும் ஒரே மனிதராக இருந்தவர் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி கிடைக்குமா? அவருடைய ஐம்பதுகளின் அட்டைகள், அதே காலத்து மேண்டில் அட்டைகளோடு ஒப்பிட்டால் மிக மலிவு. பிராங்க் ராபின்சன் 586 ஹோம் ரன்கள் அடித்தவர். இரண்டு லீக்குகளிலும் சிறந்த வீரர் விருதை முதன்முதலாகப் பெற்றவர். 1975இல் பெரிய லீக்கின் முதல் கறுப்பின மேலாளர். அவருடைய அட்டைகளும் அவர் சாதனைக்கு ஈடான விலையில் இல்லை. கியூபாவிலிருந்து வந்த மினி மினோசோ 1951இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் முதல் கறுப்பின வீரரானார். புகழ்மாடம் அவருக்குக் கதவைத் திறந்தது 2022இல். அவரோ 2015இலேயே மறைந்துவிட்டார்.

இவர்களாவது பெரிய வீரர்கள். பெயரே தெரியாதவர்களைப் பற்றி என்ன சொல்வது? சேகரிப்பாளர்கள் அவர்களைக் 'காமன்' என்பார்கள், அதாவது சாதாரணம். இந்தச் சொல்லைச் சற்று ஆராய்வோம். 1952இல் பெரிய லீக்குகளில் இருந்தவை 16 அணிகள். அணிக்கு 25 பேர் என்று கொண்டால் 400 பேர். பேஸ்பால் ஆடாத தெருவே இல்லாத அவ்வளவு பெரிய நாட்டில், இலட்சோபலட்சம் சிறுவர்களிலிருந்து தேறி வந்த 400 பேர்! அவர்களில் ஒருவரைத்தான் நாம் சாதாரணம் என்கிறோம். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். பிறந்த ஊர், உயரம், எடை, முந்தின ஆண்டின் கணக்கு எல்லாம் இருக்கும். சிலருடைய அட்டையில் பனிக்காலத்தில் அவர் செய்யும் வேறு வேலையும் குறிக்கப்பட்டிருக்கும். ஆட்டத்தின் சம்பளம் ஆண்டு முழுவதற்கும் போதாத காலம் அது. அந்த நான்கு வரிகளில் ஒரு குடும்பஸ்தர் தெரிவார்.

சில வேளைகளில் அந்தச் 'சாதாரணத்தின்' பின்னால் ஒரு பெரும் வாழ்க்கையே ஒளிந்திருக்கும். 1933 கௌடி வரிசையில் 158ஆம் எண், மோ பெர்க் என்னும் ஆட்டக்காரர். 15 பருவங்களில் மொத்தம் ஆறே ஹோம் ரன்கள்; கணக்கைப் பார்த்தால் நாம் புரட்டிவிட்டுப் போயிருப்போம். ஆனால் அவர் பிரின்ஸ்டனில் படித்தவர், சட்டம் பயின்றவர், பல மொழிகள் அறிந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுத்துறைக்காகப் பணிபுரிந்தார். 1944 டிசம்பரில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹைசன்பர்க் சூரிச்சில் ஆற்றிய உரையைக் கேட்கத் துப்பாக்கியோடு அனுப்பப்பட்டார். ஜெர்மனி அணுகுண்டை நெருங்கிவிட்டது என்று தெரிந்தால் அவரைச் சுட வேண்டும் என்பது கட்டளை. பெர்க் கேட்டார், எடைபோட்டார், சுடவில்லை. போருக்குப் பின் தரப்பட்ட பதக்கத்தையும் ஏற்க மறுத்தார். இந்த வரலாறு பரவியபின் அவருடைய அட்டையையும் மக்கள் தேடலானார்கள். தேடப்படாத மற்ற 'காமன்' அட்டைகளுக்குள் இன்னும் எத்தனை வரலாறுகள் வாசிக்கப்படாமல் இருக்கின்றனவோ!

தேய்ந்த மூலைகள்

இன்று அட்டைகளுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. மூலை கூராக இருந்தால் மதிப்பெண் கூடும். மடிப்பு இருந்தால் குறையும். மதிப்பெண் ஓரிரண்டு கூடினாலே விலை பல மடங்காகும். இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். எந்தப் பிள்ளையும் தொடாத அட்டைக்கே மிக உயர்ந்த விலை. ஒரு பிள்ளை இரவும் பகலும் கையில் வைத்து நேசித்த அட்டைக்கு மிகக் குறைந்த விலை.

1952 டாப்ஸ் வரிசையின் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. பிள்ளைகள் எண் வரிசைப்படி அடுக்கி ரப்பர் பட்டை போட்டபோது, எப்போதும் மேலே இருந்தவர் அவரே. பட்டையின் அழுத்தமும் பையின் உராய்வும் வியர்வையும் அவர்மீதே விழுந்தன. கீழே இருந்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். அதனால் கெடாத பாஃப்கோ அட்டைக்குப் பெரும் விலை. பட்டையின் தடம் பதிந்த பாஃப்கோவுக்கு அதில் ஒரு துளி. நான் தேர்வு செய்வதாயின் தடம் பதிந்ததையே எடுப்பேன். மற்றவர்களுக்காகத் தேய்ந்ததன் அடையாளத்தைக் குறை என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வடுவின் கதையும் கேளுங்கள். 1933 கௌடி வரிசையில் 106ஆம் எண் அட்டையே அச்சாகவில்லை. பிள்ளைகள் அந்த ஒன்றைத் தேடித் தேடிப் பபிள்கம் வாங்கினார்கள். இல்லாத ஒன்றுக்காகத் தங்கள் காசைக் கொட்டினார்கள். குறைகூறிக் கடிதம் எழுதியவர்களுக்கு மட்டும், 1934இல் நெப்போலியன் லாஜாய் படத்தோடு அந்த எண்ணை அச்சிட்டு, கடிதத்தோடு கம்பிக் கவ்வியால் கோத்து நிறுவனம் அனுப்பியது. இன்று எஞ்சியிருக்கும் பல லாஜாய் அட்டைகளில் அந்தக் கவ்வியின் தடம் இருக்கிறது. தரம் பார்ப்பவருக்கு அது பழுது. எனக்கு அது, ஏமாற்றப்பட்ட ஒரு பிள்ளை துணிந்து கேட்டதற்கும் பதில் பெற்றதற்கும் அத்தாட்சி.

ஆனால் ஒரு கண்ணி உண்டு

பிரியமானவர்களே, இதுவரை சொன்னதைக் கேட்டு, "குறைத்து மதிப்பிடப்பட்டதை இன்று மலிவாக வாங்கி வைத்தால், நாளை விலை ஏறும்போது விற்கலாமே" என்று உங்களில் சிலர் எண்ணியிருப்பீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்தச் சொல்லே ஒரு கண்ணியை மறைத்து வைத்திருக்கிறது. 'குறைத்து மதிப்பிடப்பட்டது' என்று சொல்லும் நாவில் பாதி நேரம் நியாய உணர்வு பேசுகிறது. மீதி நேரம் பேராசை நியாயத்தின் உடையை உடுத்திக்கொண்டு பேசுகிறது. மறக்கப்பட்ட வீரருக்காக வருந்துகிறோமா, அவரைக்கொண்டு இலாபம் காணத் துடிக்கிறோமா என்று நாமே நம் உள்ளத்தை ஆராய வேண்டியிருக்கிறது.

இந்தத் துறையே தன் பாடத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. பழைய அட்டைகள் பெரும் விலைக்குப் போவதைக் கண்ட மக்கள், 1980களின் பிற்பகுதியிலும் 90களின் தொடக்கத்திலும் புதிய அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பரண்மேல் ஏற்றினார்கள். பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று நம்பியவர்களும் உண்டு. நிறுவனங்களோ கணக்கின்றி அச்சிட்டுத் தள்ளின. எல்லாரும் பத்திரப்படுத்தியதால் எதுவும் அரிதாகவில்லை. அந்தக் காலத்து அட்டைகளைச் சேகரிப்பாளர்கள் இன்று குப்பை என்றே அழைக்கிறார்கள்.

இன்னும் வருத்தமான பாடம் ஒன்று. 1991இல் 4,51,000 டாலருக்கும், 2007இல் 28 இலட்சம் டாலருக்கும் விற்ற ஒரு வாக்னர் அட்டை உண்டு. உலகின் மிகச் சிறந்த நிலையிலுள்ள வாக்னர் என்று அது கொண்டாடப்பட்டது. அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக, அதை ஒருகாலத்தில் வாங்கி விற்ற ஏல வணிகர் 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கூர்மையான மூலைகளைத்தானே உலகம் கேட்டது? அவர் கத்தியால் அதைக் கொடுத்தார். ஒன்றை அதன் விலைக்காக நேசிக்கத் தொடங்கினால் அதன்மேல் கத்தி வைக்கவும் கை கூசாது.

ஆகவே ஒரு கேள்வியை உங்களிடம் தருகிறேன். இந்த அட்டையின் விலை உங்கள் வாழ்நாள் முழுவதும் ஒரு சென்ட்கூட ஏறாது என்று உறுதியாகத் தெரிந்தாலும், இதை வைத்திருப்பதில் உங்களுக்கு மகிழ்ச்சி உண்டா? உண்டு என்றால் வாங்குங்கள். இல்லை என்றால் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். அதை நேசிக்கும் ஒருவர் வருவார்.

கையில் வலியோடு ஒட்டிய மனிதர்

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வாலேயே பதில் சொன்ன ஒருவர் இருந்தார். ஜெபர்சன் பர்டிக் என்பது அவர் பெயர். நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் ஒரு தொழிற்சாலையில் மின்பொருள் பாகங்களைப் பொருத்தும் வேலை. செல்வர் அல்லர். கடுமையான மூட்டுவாதம் அவர் கைகளை முடக்கிக்கொண்டிருந்தது. யாரும் பொருட்டாகக் கருதாத சிகரெட் அட்டைகளையும் விளம்பரத் துண்டுகளையும் அஞ்சலட்டைகளையும் அவர் சேர்த்தார், வகைப்படுத்தினார், எண்ணிட்டார். வாக்னரின் வரிசையை இன்றும் 'டி206' என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெயர் பர்டிக்கின் பட்டியல் தந்தது.

தம் சேகரிப்பு முழுவதையும் அவர் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்திற்கு விலையின்றிக் கொடுத்துவிட்டார். மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட துண்டுகள். அவற்றுள் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டவை பேஸ்பால் அட்டைகள். 1947இல் தொடங்கிய அந்தக் கொடையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பையும் அவரே ஏற்றார். வளைந்துபோன விரல்களால் ஒவ்வொன்றாக எடுத்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார். இரண்டு மாதங்களில் மறைந்தார். அந்தச் சேகரிப்பில் வாக்னரும் இருக்கிறார், யாரும் அறியாத வீரரும் இருக்கிறார். இருவரையும் ஒரே கவனத்தோடு ஒரே பசையால் ஒட்டிய மனிதர் அவர்.

சேகரிப்பு வீண் செலவு என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை ஒத்திவைத்து வாங்கும் அட்டை, எத்தனை அரியதாயினும் சுமையே. ஆனால் காலடிப் பெட்டியில் சேகரிப்பவருக்கு ஒரு நன்மை இருக்கிறது. அவர் வாங்குவது பெரும்பாலும் ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைக்குள் அடங்கும். பூட்டு வேண்டாம், காப்பீடு வேண்டாம், திருடன் பயம் வேண்டாம். பேரப்பிள்ளையின் கையில் கொடுத்து, "இவரைத் தெரியுமா?" என்று கேட்கலாம். மடிந்துபோகுமே என்று நெஞ்சு பதறத் தேவையில்லை. கதை கேட்டபின் பிள்ளை அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாலும் நட்டமில்லை. ஒரு கோடி டாலர் அட்டையின் உரிமையாளரால் இதைச் செய்ய முடியுமா? அவரே தம் அட்டையைத் தொட முடியாதே!

வீடு திரும்பும்போது

மண்டபத்தை விட்டு வெளியே வருவோம். உங்களில் பெரும்பாலோர் ஒரு பேஸ்பால் அட்டையையும் வாங்கப் போவதில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் அந்த முதியவரின் பழக்கத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம்.

நம் நடுவிலும் கண்ணாடிப் பேழைகள் உண்டு. மேடையில் பேசுகிறவரை, பாடுகிறவரை, முதலில் வந்து முதலில் பேர் பெற்றவரை நாம் விளக்கு வைத்துப் பார்க்கிறோம். நம் நடுவிலும் காலடிப் பெட்டிகள் உண்டு. எல்லாரும் போனபின் நாற்காலிகளை அடுக்குகிறவர்; முதலாம் பிள்ளையின் புகழில் மறைந்த இரண்டாம் பிள்ளை; ரப்பர் பட்டையின் அழுத்தத்தை எல்லாம் தான் ஏற்றுக்கொண்டு கீழே இருந்தவர்களைக் காத்த மூத்த அக்கா. அவர்களுடைய பின்பக்கத்தைத் திருப்பி, அந்த நான்கு வரியை நாம் என்றாவது வாசித்திருக்கிறோமா?

இவ்வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் பல ஆண்டுகளாகப் பார்த்தும் அறியாத ஒருவரின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமருங்கள். பிறந்த ஊரைக் கேளுங்கள். இளமையில் என்ன வேலை செய்தார் என்று கேளுங்கள். அவர் தயங்கித் தயங்கித் தொடங்குவார், அவசரப்படுத்தாமல் கேளுங்கள். லாரி டோபிக்கு அந்தக் கவனம் கிடைக்க 36 ஆண்டுகள் கூடுதலாக ஆயின. மினோசோ அதைக் காணாமலே போனார். உங்கள் அருகில் இருப்பவரை அவ்வளவு காலம் காத்திருக்க வைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் போதகர்